‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ நாடகத்தில் வரும் பணக்காரர்களில், சமூகப் பொறுப்பில் மிக மோசமாகத் தவறியவர் யார்?

பெரும்பாலும் அப்பா ஆர்தர் பிர்லிங்கைத்தான் சொல்வார்கள். முதல் தடவை படித்தபோது நானும் அவரைத்தான் சொன்னேன். இப்போது கேட்டால், அம்மா சிபில் பிர்லிங் என்பேன்.

படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: ஜே.பி. பிரீஸ்ட்லி எழுதிய இந்த நாடகம் 1912இல், பிரம்லி என்ற கற்பனையான ஆங்கிலேயத் தொழில் நகரத்தில் நடக்கிறது. ஆலை முதலாளி பிர்லிங் வீட்டில் மகள் ஷீலாவின் நிச்சயதார்த்த விருந்து. மாப்பிள்ளை ஜெரால்டு கிராஃப்ட் அதைவிடப் பெரிய முதலாளியின் மகன். சாப்பாடு முடிந்த நேரத்தில் கூல் என்ற இன்ஸ்பெக்டர் வந்து, ஈவா ஸ்மித் என்ற இளம்பெண் கிருமிநாசினி குடித்துச் செத்துப்போனாள் என்கிறார். விசாரிக்க விசாரிக்க, அங்கிருந்த ஐந்து பேருக்குமே அதில் பங்கு இருப்பது தெரிகிறது.

முதலில் பிர்லிங். ஈவாவும் மற்ற பெண்களும் வாரக்கூலியை 22 ஷில்லிங் 6 பென்ஸிலிருந்து 25 ஷில்லிங்காக உயர்த்தக் கேட்டார்கள். அதாவது கூடுதலாக இரண்டரை ஷில்லிங். மறுத்தார், வேலைநிறுத்தம் நடந்தது, அது ஓய்ந்ததும் முன்னால் நின்றவர்களை வெளியே அனுப்பினார். அவருடைய மகன் எரிக் பிறகு அதே அலுவலகத்திலிருந்து சுமார் 50 பவுண்டு திருடுகிறான். அப்போது ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பணம் ஈவா கேட்ட உயர்வை 400 வாரங்களுக்கு, கிட்டத்தட்ட எட்டு வருடங்களுக்குத் தந்திருக்கும்!

ஆனாலும் பிர்லிங்கிடம் வேஷம் இல்லை. மனிதன் தன்னையும் தன் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டால் போதும் என்று வெளிப்படையாகவே பேசுகிறார். போர் வராது, டைட்டானிக் மூழ்காது என்றும் அதே வாயால் சொல்கிறார். இரண்டு உலகப்போர்களைப் பார்த்துவிட்டு 1946இல் லண்டன் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, இந்த ஆள் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று அப்போதே புரிந்திருக்கும்.

சிபில் அப்படி இல்லை. ஆதரவற்ற பெண்களுக்கு உதவும் ஓர் அறச்சங்கத்தில் அவருக்குச் செல்வாக்கு உண்டு. கர்ப்பிணியாக, கையில் காசில்லாமல் ஈவா வந்து நின்றது அங்கேதான். பெயரைக் கேட்டபோது தன்னைத் ‘திருமதி பிர்லிங்’ என்று சொல்லிக்கொண்டாள். அது பொய்தான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதுமே சிபிலுக்கு எரிச்சல். கடைசியில் அவள் உண்மையைச் சொன்னாள்: குழந்தையின் தகப்பன் கொண்டுவந்தது திருட்டுப் பணம் என்று தெரிந்ததும் அதை வாங்க மாட்டேன் என்றுவிட்டாளாம். சிபில் நம்பவில்லை. அவளைப் போன்ற ஒருத்தி வருகிற பணத்தை வேண்டாமென்பாளா என்பது அவருடைய வாதம். அந்த வீட்டில் யாரிடமும் இல்லாத நேர்மை எதிரில் நிற்கிறது, அதுவே அவளைப் பொய்க்காரி ஆக்குகிறது! தன் செல்வாக்கைப் பயன்படுத்தி உதவியை மறுக்க வைக்கிறார். முதலாளி விரட்டினால் வேறு வேலை தேடலாம். உதவுவதற்கென்றே இருக்கும் கதவும் சாத்தப்பட்டால் அப்புறம் எங்கே போவது?

எரிக் செய்தது இதைவிடக் கொடுமை இல்லையா என்று கேட்கலாம். குடிபோதையில் அவள் இருப்பிடத்துக்குள் வலுக்கட்டாயமாக நுழைந்தவன் அவன். தனிச் செயலாகப் பார்த்தால் அதுதான் இருப்பதிலேயே கொடியது, மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது சமூகப் பொறுப்பு. ஏழைகள் சார்பில் முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சிபில்தான். போதாததற்கு, குழந்தையின் தகப்பனைப் பிடித்து எல்லாருக்கும் தெரியும்படி தண்டியுங்கள் என்று இன்ஸ்பெக்டரிடமே சொல்கிறார். அது தன் மகன் என்று தெரியாமல்.

ஷீலாவும் நல்லவள் இல்லை. தனக்குப் பொருந்தாத உடை கடைப் பெண்ணுக்கு அழகாக இருந்தது, அவள் லேசாகச் சிரித்தாள், அவ்வளவுதான். இவள் புகாரால் ஈவாவுக்கு அந்த வேலையும் போயிற்று. ஆனால் தவறு தெரிந்ததும் ஒத்துக்கொள்கிறாள். ஜெரால்டு விஷயம் வேறு. ஈவாவுக்குத் தங்க இடம் கொடுத்தவன், அவள் இறந்தாள் என்று கேட்டு உண்மையாகவே கலங்கியவன். ஆனால் வந்தவர் இன்ஸ்பெக்டரே இல்லை, ஒவ்வொருவரும் வேறு வேறு பெண்ணின் படத்தைப் பார்த்திருக்கலாம் என்று வாதிட்டு எல்லாரையும் விடுவிக்கப் பார்ப்பவனும் அவனே. சரி, ஐந்து வெவ்வேறு பெண்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பாதிக்கப்பட்டவர்கள் ஐந்து பேர் ஆகிறார்கள், குற்றம் எங்கே குறைந்தது?

அடுத்த முறை படிக்கும்போது எட்னாவைக் கவனியுங்கள். அந்த வீட்டு வேலைக்காரப் பெண். இன்ஸ்பெக்டருக்குக் கதவைத் திறந்துவிட்டவள் அவள்தான். ஏழைப் பெண்ணுக்கு நேர்ந்ததை எல்லாரும் மணிக்கணக்கில் அலசும்போது, பிறகு தேநீர் போட வேண்டும் என்பதற்காக அவளைத் தூங்கப் போகாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதும் சிபில்தான்.