கும்பகோணத்திலிருந்து வயதான அப்பா அம்மாவோடு டிசம்பரில் ராஜஸ்தானில் ஜெய்சல்மேர், பிகானேர் போகிறோம். பழைய ஹவேலி (அந்தக் காலத்து மாளிகை வீடு) ஓட்டலில் தங்கலாமா, சாதா ஓட்டலே போதுமா?

தாராளமாகத் தங்கலாம். ஆனால் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் அறையைப் பார்த்து எடுங்கள். ஒரே ஹவேலியில் ஓர் அறை ராஜா படுத்த இடமாக இருக்கும், அடுத்தது ஆதியில் உக்கிராணமாக இருந்திருக்கும். அறை எண்ணைக் கேட்டு, அந்த அறையையே வாட்ஸப்பில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

பெரியவர்கள் வருவதால் முதல் கேள்வி படிக்கட்டு. ஹவேலிப் படிகள் செங்குத்து. ஒரு படி முக்கால் அடி உயரம் இருந்தால் அடுத்த படி ஓர் அடி இருக்கும். கைப்பிடி இருக்காது, பல இடங்களில் லிஃப்டும் கிடையாது. நிலைப்படி தலையில் இடிக்கும், வாசற்படி காலைத் தடுக்கும். முற்றத்தை ஒட்டிய தரைத்தள அறையாகக் கேளுங்கள். ஆனால் அங்கே வெயில் எட்டாது, டிசம்பர் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகும், இரண்டடிச் சுவர் அந்தக் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியும் காலுறையும் அவசியம். ஹீட்டரையும் கீசரையும் சேர்த்துப் போட்டால் பழைய வயரிங்கில் கரண்ட் ட்ரிப் ஆகும். ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

குளியல் விஷயம்தான் நம் டெல்டாக்காரர்களுக்குச் சிக்கல். 15 லிட்டர் கீசர் என்றால் விளாவிய பிறகு இரண்டு வாளி வரும், அவ்வளவுதான். இரண்டு கிலோவாட் கீசர் மறுபடி சுட 25 நிமிடம் ஆகும். நான்கு பேர் என்றால் காலை ஐந்தரைக்கே ஆரம்பியுங்கள். நிலத்தடித் தண்ணீர் வருகிற இடத்தில் உப்பும் கடினமும் அதிகம், சோப்பு நுரைக்காமல் தயிராகத் திரியும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற பழக்கமிருந்தால் சீயக்காய் எடுத்துப் போங்கள். ஷவரில் சுண்ணாம்பு அடைத்திருக்கும், வாளியும் குவளையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஜெய்சல்மேரில் கோட்டைக்கு உள்ளே தங்காதீர்கள் என்பது என் கட்சி. உள்ளே ஓட்டல் நடத்துகிறவர்கள் சண்டைக்கு வரலாம். தலைமுறையாக அங்கேயே வாழ்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. 1156இல் எழுந்த கோட்டை அது, மண்ணும் மென்பாறையும் கலந்த குன்றின்மேல் நிற்கிறது. குடத்தில் தண்ணீர் தூக்கிய காலத்துக்குக் கட்டியது. குழாயும் ஃப்ளஷ்ஷும் வந்தபின் கழிவுநீர் அடியில் இறங்கிக் குன்றை இளக்கிவிட்டது, கொத்தளங்கள் சரிந்திருக்கின்றன. கீழே ஊருக்குள் தங்கி, மொட்டை மாடியிலிருந்து கோட்டையைப் பாருங்கள். அந்தி வெயிலில் அந்த மஞ்சள் கல் பொன்னாகிற காட்சி வெளியிலிருந்துதான் கிடைக்கும்.

'ஹெரிடேஜ்' போர்டை நம்பாதீர்கள். சுற்றுலா அமைச்சக வகைப்பாட்டில் 1950க்கு முன் கட்டியது ஹெரிடேஜ், 1935க்கு முன் என்றால் கிளாசிக், கிராண்ட். போன வருஷம் மஞ்சள் கல் ஒட்டியவர்களும் அதே சொல்லைப் போட்டுக்கொள்கிறார்கள், கட்டிய வருஷத்தைக் கேளுங்கள். பழமையைப் பெரிய கோயில் கணக்கில் அளக்கவும் வேண்டாம். ஜோத்பூர் உமைத் பவன் அரண்மனையே 1929இல் ஆரம்பித்து 1943இல் முடிந்ததுதான்.

வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதம், தாண்டினால் 18. 7,600 சொன்னால் 7,500க்குப் பேசுங்கள், வரியோடு ஆயிரத்துச் சொச்சம் மிச்சமாகும். முந்நூறு நானூறுக்கு அறை என்று ஸ்டேஷனிலேயே தரகர் மடக்கினால் போகாதீர்கள். அவர்களுக்கு லாபம் ஒட்டகச் சவாரியில், அதை எடுக்காவிட்டால் முகம் மாறும். பயணத்தைத் தள்ளிப்போட்டால் தைப்பூசமோ மாசிமகமோ வருகிற அந்த மாகப் பௌர்ணமியைத் தவிருங்கள். அப்போது ஜெய்சல்மேரில் பாலைவனத் திருவிழா, வாடகை ஏறும்.

ரயிலுக்குச் சென்னை ஓட வேண்டாம். மன்னார்குடியிலிருந்தே பகத் கி கோட்டிக்கு வாராந்தர வண்டி இருக்கிறது. அது ஜோத்பூரை ஒட்டிய ஸ்டேஷன். அங்கிருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர். ராத்திரிச் சாப்பாட்டை மாலை ஐந்துக்கே சொல்லிவிடுங்கள். சின்ன ஹவேலிகளில் சொன்ன பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். அப்பாவுக்குச் சோறு வேண்டுமென்றால் அதையும் அப்போதே சொல்லுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் வயிற்றெரிச்சல். ராமேஸ்வரம் போகிறவர்களுக்காக தஞ்சை மராட்டிய ராஜாக்கள் நம் பக்கத்திலேயே கட்டினார்களே, நீடாமங்கலம் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம். படுக்க இடமும் சோறும் காசில்லாமல் கிடைத்த இடங்கள். மணலில் நிற்கிற ஹவேலிக்கு ஒரு ராத்திரிக்கு ஏழாயிரம் எண்ணிக் கொடுக்கிறோம். ஒரத்தநாட்டுத் தூண்களை எத்தனை பேர் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்திருப்போம்?