ஊசி என்றாலே மயக்கம்: இரைப்பைப் பேண்டில் நீர் ஏற்றப் போவது எப்படி?

கேள்வி: மெல்போர்னில் இருக்கிறேன். வயது 36. எடையைக் குறைக்க 2017-இல் இரைப்பையில் பேண்ட் பொருத்திக்கொண்டேன், நன்றாகவே குறைந்தது. கர்ப்பமானபோது வாந்தி தாங்கமுடியாமல் போனதால் பேண்டில் இருந்த நீர் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. எடை மறுபடி ஏறுகிறது. திரும்ப நீர் ஏற்றப் போனபோது, தோலுக்கு அடியில் ஊசி போடுவதற்காக வைத்திருக்கும் போர்ட் சிக்கவில்லை என்று மூன்று தடவை குத்தினார்கள். எழுந்து நின்றதும் கண் இருட்டி விழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு அப்பாயின்ட்மென்ட்களை நானே ரத்து செய்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஊசி பயம், அப்பாவுக்கும் உண்டு. மூச்சை இழுத்துவிட்டு உடம்பைத் தளர்த்துங்கள் என்கிறார்கள். அது எனக்கு உதவவே இல்லை. மெல்லிய ஊசியாகக் கேட்கலாமா? பேசாமல் பேண்டை எடுத்துவிட்டு வேறு ஆபரேஷனுக்குப் போய்விடலாமா? மூன்று வாரத்தில் அடுத்த அப்பாயின்ட்மென்ட்.

பதில்: உடம்பைத் தளர்த்தச் சொன்னது உங்களுக்கு உதவாததில் ஆச்சரியமே இல்லை. ஊசியைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு அது பொருத்தமில்லாத அறிவுரை. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. அதைப் பிறகு விவரமாகச் சொல்கிறேன், முதலில் அந்த ஊசி எங்கே போகிறது என்று பார்த்துவிடலாம். பேண்ட் போட்டுப் பல வருடம் ஆனவர்களில்கூட நிறையப் பேர் ஊசி வயிற்றுக்குள், இரைப்பைவரை போகிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படி இல்லை. பேண்ட் என்பது இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றியிருக்கும் சிலிக்கான் வளையம். அதன் உள்பக்கத்தில் ஒரு பலூன். பலூனிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து, தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில், வயிற்றுத் தசையின் மேல் தைத்து வைத்திருக்கும் போர்ட்டில் முடியும். ஊசி தொடுவது இந்தப் போர்ட்டை மட்டும்தான். இரைப்பையும் குடலும் தசைக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. ஏற்றுகிற நீர் வெறும் சலைன், அது உங்கள் ரத்தத்தில் கலப்பதில்லை, போர்ட் வழியாகப் பலூனுக்குப் போய் அங்கேயே நிற்கிறது. அளவும் கொஞ்சம்தான். பேண்டின் வகையைப் பொறுத்து அது மொத்தமாகக் கொள்வதே 4 முதல் 14 மி.லி. வரைதான். ஒரு தடவைக்கு ஏற்றுவது பெரும்பாலும் ஒரு டீஸ்பூனைத் தாண்டாது.

மெல்லிய ஊசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்சுலின் ஊசி மாதிரி ஒன்றைக் கேட்காதீர்கள். அது போர்ட்வரை எட்டாது. சாதாரண ஊசியோ போர்ட்டின் சிலிக்கான் மூடியிலிருந்து நுணுக்கமாக ஒரு துணுக்கை வெட்டி எடுத்துவிடும். அப்படி நடந்தால் நீர் கசியும், கசிந்தால் போர்ட்டை மாற்ற ஆபரேஷன். அதனால்தான் ஹூபர் ஊசி என்ற தனி வகையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் நுனி சற்று வளைந்திருக்கும், சிலிக்கானை வெட்டாமல் விலக்கிக்கொண்டு உள்ளே போகும். பார்க்க நீளமாக இருக்கிறதே என்று பயப்படத் தோன்றும். அந்த நீளம் தோலுக்கும் போர்ட்டுக்கும் நடுவில் உள்ள கொழுப்பைத் தாண்டுவதற்கு. ஊருக்கு வரும்போது இங்கேயே நீர் ஏற்றிக்கொள்ளலாமா என்று வெளிநாட்டுத் தமிழர்கள் சிலர் கேட்பதுண்டு. இந்தியாவில் இப்போது பேண்ட் அரிதாகிவிட்டது, பெரும்பாலும் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன்தான். ஹூபர் ஊசியும் பேண்ட் அனுபவமும் இல்லாத இடத்தில் போர்ட்டைத் தொட விடாதீர்கள். பேண்டின் வகையும் கடைசியாக ஏற்றிய அளவும் எழுதிய அட்டை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

சரி, மயக்கத்துக்கு வருவோம்.

பாம்பையோ உயரத்தையோ பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு இதயம் படபடக்கும், பிபி ஏறும். அவர்கள் மயங்கி விழுவது அபூர்வம். ஊசி, ரத்தம், காயம் இவற்றைக் கண்டு வரும் பயம் வேறு ரகம். இதில் பலருக்கு முதலில் பிபியும் நாடித்துடிப்பும் ஏறும், பிறகு இரண்டும் திடீரென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகிற ரத்தம் குறைகிறது. வியர்க்கும், குமட்டும், காது அடைக்கும், கண் இருட்டும், அப்புறம் ஆள் கீழே. இது மனசு சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல, உடம்பின் அனிச்சைச் செயல். குடும்பத்திலும் தொடர்ந்து வரும். உங்கள் அப்பாவுக்கும் இருப்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘தைரியம் இல்லை’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஊசி போட்டால் மயங்கி விழுகிற போலீஸ்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிபி விழுவதுதான் பிரச்சினை என்றால், தசையைத் தளர்த்துவது அதை இன்னும் கீழே இழுக்கத்தான் செய்யும். ஏற்றுவதற்கு வழி தசையை இறுக்குவது. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980-களில் இதை ஒரு பயிற்சியாகவே வடிவமைத்தார். ஆங்கிலத்தில் அதற்கு ‘அப்ளைடு டென்ஷன்’ என்று பெயர். கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு கை முஷ்டி, தோள், தொடை, கால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நன்றாக இறுக்குங்கள். மூச்சை மட்டும் அடக்காதீர்கள். 10 முதல் 15 வினாடிக்குள் முகத்தில் சூடு ஏறுவது தெரியும். தெரிந்ததும் விடுங்கள், ஆனால் துணி மாதிரி துவண்டுபோகாமல், சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் நிலைக்கு வந்தால் போதும். 20, 30 வினாடி கழித்து மறுபடி. ஐந்து சுற்று. இதைத் தினமும் சில தடவை ஒரு வாரம் செய்தால் உடம்புக்குப் பழகிவிடும். பிபி ஏற்கெனவே அதிகம், இதயக் கோளாறு, அண்மையில் ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ரத்தம் எடுக்கும்போது இதைச் செய்வதில் ஒரு தொந்தரவு உண்டு, குத்துகிற கையைத் தளர்வாக வைத்திருக்க வேண்டும். போர்ட் ஊசியில் அந்தத் தொந்தரவு இல்லை. இரண்டு கைகளும் உங்களுடையவை. இன்னொரு வசதியும் இருக்கிறது: போர்ட் மேலெழும்பித் தெரிவதற்காகத் தலையையோ காலையோ சற்றுத் தூக்கி வயிற்றை இறுக்கச் சொல்வது பல கிளினிக்குகளில் வழக்கம்தான். நீங்கள் இறுக்குவது நர்ஸுக்கும் உதவி. எப்போது இறுக்க, எப்போது அசையாமல் இருக்க என்று மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

போன தடவை நீங்கள் விழுந்தது ஊசி போட்டபோது இல்லை, எழுந்து நின்றபோது. இது முக்கியம். படுத்திருக்கும்வரை மூளைக்கு ரத்தம் போவது சுலபம், நின்றதும் கால் பக்கம் இறங்கிவிடுகிறது. ஊசி முடிந்த பிறகு பத்து நிமிடமாவது படுத்தே இருங்கள், இரண்டு சுற்று தசையை இறுக்குங்கள், பிறகு உட்காருங்கள், அதற்கு அப்புறம் நிற்கலாம். அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்று அவசரப்படுத்தினால், ‘நான் போன முறை விழுந்தவள்’ என்று சொல்லிவிடுங்கள். யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

மூன்று தடவை குத்தியதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போர்ட் ஆழத்தில் இருக்கலாம், சாய்ந்திருக்கலாம், சிலருக்குத் தலைகீழாகவே திரும்பியிருக்கும். எடை ஏறினாலும் கர்ப்பத்தில் வயிறு விரிந்தாலும் அதைத் தொட்டுக் கண்டுபிடிப்பது கஷ்டமாகலாம். அது யாருடைய தப்பும் இல்லை. ஆனால் ஊசியாலேயே தேடிக்கொண்டிருப்பது சரியான வழி இல்லை. எக்ஸ்ரேயிலோ அல்ட்ராசவுண்டிலோ பார்த்துக்கொண்டு போடலாம். இந்த முறை நேரம் குறிக்கும்போதே சொல்லுங்கள்: “போன தடவை போர்ட் கிடைக்கவில்லை, படம் பார்த்துப் போடுங்கள். இரண்டு தடவைக்கு மேல் குத்த வேண்டாம்.” இதைப் போனில் சொல்வதோடு விடாமல் மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள். அறைக்குள் போய்ப் படுத்த பிறகு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அப்போது எதையும் கேட்க வராது.

மரத்துப்போகச் செய்கிற களிம்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். லிடோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் கலந்த களிம்பை ஊசி போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தடிமனாகத் தடவி, மேலே பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். காத்திருப்பு அறையில் உட்கார்ந்துகொண்டு தடவினால் பயனில்லை. சரியான இடத்தில் தடவுவதும் முக்கியம், போர்ட் எங்கே என்று நர்ஸிடம் ஒருமுறை பேனாவால் குறிக்கச் சொல்லி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். களிம்பு தோலை மட்டும்தான் மரக்கச் செய்யும், உள்ளே ஓர் அழுத்தம் தெரியும். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைப் பாதிக்கும் பரம்பரைக் குறைபாடு) இருந்தாலோ, இப்படிப்பட்ட மருந்துகள் முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ மருந்தாளரிடம் சொல்லுங்கள். இன்னும் பாலூட்டுகிறீர்கள் என்றால் அதையும். மரப்பு ஊசி போட்டுவிட்டுப் பிறகு ஹூபர் ஊசி போடுகிற டாக்டர்களும் உண்டு. என் கணக்கில் அது ஒரு ஊசிக்கு இரண்டு ஊசி. ஆபரேஷன் தழும்பின் மேல் பலருக்கு உணர்ச்சி ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும்.

வலியைக் குறைத்தாலும் பயம் தானாகப் போய்விடாது. கர்ப்ப காலத்தில் எத்தனை ஊசி போட்டிருப்பீர்கள், எத்தனை தடவை ரத்தம் எடுத்திருப்பார்கள்! ஆனாலும் பயம் போகவில்லை. காரணம், ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பல்லைக் கடித்து, தப்பித்தோம் என்று ஓடி வந்திருப்பீர்கள். அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்தபோது மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்? அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. அடுத்த முறை அது இன்னும் பெரிதாக வரும்.

நம் வீடுகளில் இதற்கு விதை எப்போது விழுகிறது என்பதும் தெரிந்ததுதான். ‘சாப்பிடலேன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போட்டுருவேன்.’ சாப்பிடாததற்காக ஊசி காட்டி மிரட்டப்பட்ட குழந்தை, வளர்ந்து, குறைவாகச் சாப்பிடுவதற்காக ஊசிக்கு முன்னால் படுத்திருக்கிறது. உங்கள் குழந்தையிடமாவது அந்த வசனத்தைச் சொல்லாதீர்கள்.

மூன்று வாரம் கையில் இருக்கிறது. பயத்தைப் பூஜ்யம் முதல் பத்துவரை மதிப்பெண் போட்டுக்கொண்டு, கீழ்ப்படியிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஊசியின் படம். பிறகு யாருக்காவது ஊசி போடுகிற வீடியோ. அடுத்து, ஊசி இல்லாத சிரிஞ்சைக் கையில் பிடித்துத் தண்ணீர் இழுத்துப் பீய்ச்சுவது. ஸ்பிரிட் பஞ்சை வாங்கி, படுத்துக்கொண்டு, போர்ட் இருக்கும் இடத்தில் துடைத்து விரலால் அழுத்துவது. பலருக்கு ஊசியைவிட அந்த ஸ்பிரிட் வாசனைதான் வயிற்றைக் கலக்கும். ஒவ்வொரு படியிலும் மதிப்பெண் பாதியாக இறங்கும்வரை நிற்க வேண்டும், எட்டில் இருக்கும்போது விட்டு ஓடினால் செய்ததெல்லாம் வீண். தலை லேசாகிற மாதிரி இருந்தால் உடனே தசையை இறுக்குங்கள். முடிந்தால் ஒரு நாள் கிளினிக்குக்குச் சும்மா போய், அந்த மேஜையில் படுத்து, ஹூபர் ஊசியைப் பார்த்துவிட்டு, ஊசி போடாமலே திரும்பி வாருங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

முதல் படியே தாண்ட முடியவில்லை என்றால் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம், உளவியலாளரிடம் போங்கள். இந்த வகைப் பயம் சிகிச்சைக்கு நன்றாகவே மசியும், ஓஸ்ட் மூன்று மணி நேரம்வரை நீளும் ஒரே அமர்வில் முடிக்கிற முறையைக்கூட உருவாக்கினார். ஆஸ்திரேலியாவில் உங்கள் ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதிக்கொடுத்தால், வருடத்துக்கு 10 அமர்வுவரை கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் தரும். பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை ஒன்றை அன்றைக்கு மட்டும் போட்டுக்கொண்டு போவதும் உண்டுதான். எனக்கு அது கடைசி வழி. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்களுக்கு ஆபத்து, வண்டி ஓட்டக்கூடாது, குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளவும் முடியாது. அடுத்த தடவை பயம் அப்படியே காத்திருக்கும்.

அன்றைய தினத்துக்கு: எத்தனை மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும், தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று முன்பே கேளுங்கள். நீர் குறைந்த உடம்பு சீக்கிரம் மயங்கும். காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், காத்திருக்கும் நேரம்தான் கொடுமை. கணவரையோ தோழியையோ அழைத்துப் போங்கள், ‘எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்’ என்று சொல்லாத ஆளாகப் பார்த்து. ஊசியைப் பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நீர் ஏற்றியதும் அங்கேயே தண்ணீர் குடித்துப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். அளவு கூடிப்போயிருந்தால் அப்போதே கொஞ்சம் எடுத்துவிடலாம்.

வேறு ஆபரேஷனுக்குப் போய்விடலாமா என்றால், பேண்ட் நழுவியிருக்கிறது, நெஞ்செரிச்சல் விடவில்லை என்பது போன்ற காரணங்களுக்காக அதை எடுப்பது வேறு விஷயம், அதை உங்கள் சர்ஜனிடம் பேசுங்கள். ஊசிக்குப் பயந்து ஆபரேஷன் என்பது மழைக்குப் பயந்து குளத்தில் குதிப்பது. டிரிப், மயக்க ஊசி, ரத்தப் பரிசோதனை என்று அதில் எத்தனை ஊசி! ஸ்லீவோ இரைப்பை பைபாஸோ செய்தாலும் சத்துக்குறைவு பார்க்க ரத்தம் கொடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு சூழ்நிலையில் இந்தப் படிப்படியான கதை எதுவும் செல்லாது. நீர் ஏற்றிய பிறகு எப்போதாவது உங்கள் எச்சிலையே விழுங்க முடியாமல் போனால், குடித்த தண்ணீரும் திரும்பி வந்தால், அல்லது வயிற்றில் கடும் வலி வந்தால், அன்றைக்கே, நடுராத்திரி ஆனாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே உடனே ஊசி போட்டு நீரை எடுக்க வேண்டியிருக்கும். போர்ட் மேல் சிவந்து, சுட்டு, சீழ் கோத்தது போல் இருந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள், ஆனால் அந்த இடத்தில் சர்ஜன் பார்க்காமல் யாரையும் குத்த விடாதீர்கள். பேண்ட் அட்டையின் பின்பக்கத்தில் இப்போதே ஒரு வரி எழுதி வையுங்கள்: ‘ஊசி போட்டால் மயங்குவேன், படுக்கவைத்துப் போடவும்.’