சரதியல் உண்மையாவே இருந்த ஆளா, இல்ல சும்மா கதையா?

உண்மையான ஆள்தான், 1860கள்ல இலங்கைல கொழும்பு-கண்டி றோட்டுல வண்டி மறிச்சுக் கொள்ளையடிச்சவன். கொழும்புல இருந்து கண்டி பஸ்ல போறீங்கன்னா மாவனல்லை கிட்ட உதுவான்கந்த மலை தெரியும், அதுதான் அவன்ட கோட்டை.

அந்தக் காலத்துல ரெயில் இல்ல, மலைநாட்டுக் கோப்பி முழுக்க மாட்டுவண்டில கொழும்பு துறைமுகத்துக்கு இறங்கும், திரும்பிப் போகேக்க அரிசி, துணி, தோட்டத்துக்குச் சம்பளக் காசு எல்லாம் அதே றோட்டாலதான் ஏறும், ஏத்தத்துல மாடு மூச்சு வாங்கி மெதுவா நடக்கும், ரெண்டு பக்கமும் காடு, களவெடுக்க இதவிட நல்ல இடம் வேற எங்க கிடைக்கும் சொல்லுங்க. வண்டிக்காரங்க தனியா போகவே பயந்தாங்களாம்.

சரதியல் சிங்களவன், அவன்ட நெருங்கின கூட்டாளி மம்மலி மரிக்கார் முஸ்லிம். 1864 மார்ச் 21ல பிடிக்கப் போன இடத்துல சபான் எண்ட மலாய் கான்ஸ்டபிள் சுடுபட்டுச் செத்தார், கடமையில உயிர்விட்ட முதல் பொலிஸ்காரர்னு இப்பவும் அந்த நாள பொலிஸ் நினைவுகூருது. சரதியலும் மரிக்காரும் அதே வருசம் மே 7 கண்டில தூக்குல.

பணக்காரன்ட பறிச்சு ஏழைக்குக் குடுத்தான்ங்கிறது ஊர்க்கதை, கொஞ்சம் குடுத்திருப்பான், இல்லாட்டி ஊர்ச்சனம் இவ்வளவு காலம் ஒளிச்சு வச்சிருக்குமா? ஆனா பறிகுடுத்த வண்டிக்காரன் எல்லாம் பணக்காரனா என்ன.

1867ல ரெயில் கண்டிக்குப் போனதும் கோப்பி அதுல ஏறிட்டு, கண்டி றோட்டுல வண்டி மறிக்கிற தொழிலும் படுத்துட்டு.