தசமபாகத்துக்கு வரிச்சலுகை உண்டா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். மாதச் சம்பளம் 95,000 ரூபாய். தசமபாகமாக, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்காக, 9,500 ரூபாய் எங்கள் கிறிஸ்தவ சபைக்குக் கொடுக்கிறேன். ஏற்காட்டில் ஒரு பழைய ஆலயத்தின் கூரை வேலைக்கும் கொடுக்க எண்ணம். இவற்றுக்கு 80ஜி (நன்கொடைக்கான வருமானவரிக் கழிவு) கிடைக்குமா? ஒருவர் டிரஸ்ட் ரசீது வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பத்தில் ஒன்றைப் பிடித்தத்துக்கு முன்பு கணக்கிடுவதா, பின்பா?

பதில்: கடைசிக் கேள்வியை உங்கள் ஆயரிடம் கேளுங்கள். வருமானவரிக்கு அதில் வேலையில்லை.

சபைக் காணிக்கைக்கு 80ஜி கிடையாது. முழுக்க மதக் காரியத்துக்கான அமைப்புக்குக் கொடுப்பதை அந்தப் பிரிவு ஏற்பதில்லை. கோயில் உண்டியலுக்கும் இதே கதிதான். “எங்கள் சபைக்கு 12ஏ இருக்கிறதே” என்று பொருளாளர் சொல்லலாம். அது சபையின் வருமானத்துக்கான விலக்கு, உங்களுடையதற்கு அல்ல.

அதைவிட, உங்களுக்கு இந்தச் சலுகையே எதற்கு? 2025-26 நிதியாண்டில் உங்கள் சம்பளம் 11,40,000. புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000 போக 10,65,000. தள்ளுபடி சேர்த்தால் வரி பூஜ்யம். 80ஜி-க்காகப் பழைய முறைக்குப் போனால், சேமிப்பு, காப்பீட்டுக்கான 80சி ஒன்றரை லட்சத்தை முழுதாகக் காட்டினாலும் வரி 1,04,520. வருடக் காணிக்கை 1,14,000-க்கும் பொய் ரசீது வைத்தாலும், வருமானத்தில் 10 சதவீதம் என்ற வரம்பால் 94,000-இல் பாதியைத்தான் கழிக்க முடியும், மிச்சம் 9,776 ரூபாய்தான். இதற்கா தரகர்?

அந்த ஆட்கள் செய்வது இதுதான்: டிரஸ்ட் கணக்குக்கு நீங்கள் பணம் அனுப்ப வேண்டும், கமிஷன் போக மீதி ரொக்கமாகத் திரும்பி வரும். கூடவே தசமபாகம் கொடுக்கச் சொல்லும் பைபிள் வசனம் மல்கியா 3:10 வாட்ஸப்பில் வரும். பிடிபட்டால் வரியும் வட்டியும் கட்டுவதோடு, ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். அந்த நோட்டீஸ் உங்கள் பேருக்குத்தான் வரும்.

ஏற்காடு விஷயத்தில் மட்டும் ஒரு சந்து உண்டு. வரலாற்று, தொல்லியல், கலைச் சிறப்புள்ளது என்றோ, மாநிலம் முழுக்கப் புகழ்பெற்ற வழிபாட்டுத் தலம் என்றோ மத்திய அரசு அறிவிக்கை செய்த ஆலயமாக இருந்தால், பழுதுபார்க்கக் கொடுக்கும் பணத்தில் பாதியை வரம்புக்கு உட்பட்டுக் கழிக்கலாம். பழுதுபார்க்க மட்டும்தான், புது ஹால், ஒலிபெருக்கி, மாதக் காணிக்கை இதில் சேராது. வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் என்பது போதாது. மலை மேல் அப்படிப் பல உண்டு. வயதைப் பார்த்துச் சலுகை தருவதில்லை. ஆலயச் செயலாளரிடம் அறிவிக்கையின் எண்ணும் தேதியும் உள்ள நகலைக் கேளுங்கள். “இருக்கிறது, தேடிப் பார்க்கிறோம்” என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் பழைய முறையில்தான் பயன். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் போச்சு.

80ஜி ஒப்புதலுள்ள முதியோர் இல்லம், மருத்துவமனை டிரஸ்ட் என்றால் அச்சடித்த ரசீது மட்டும் போதாது, நன்கொடைச் சான்றிதழான 10பிஇ படிவம் வேண்டும். டிரஸ்ட் தன் நன்கொடை அறிக்கையைத் தாக்கல் செய்தால்தான் அது கிடைக்கும், அதற்குக் கெடு மே 31. அவர்கள் சோம்பினால் கொடுத்தவர் நடையாய் நடக்க வேண்டும். எல்லாவற்றையும் பானோடு இணைக்கச் சொல்லும் துறை, இந்தப் பொறுப்பை மட்டும் நம் தலையில் கட்டியிருக்கிறது.

இப்போதைக்குப் புதிய முறையிலேயே இருங்கள். காணிக்கையை ஆயரின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பாமல் சபையின் வங்கிக் கணக்குக்கே அனுப்பி, வரிசை எண் போட்ட ரசீது வாங்குங்கள்.