பிரசவத்தில் அதிக உதிரப்போக்கு: டூலா எப்படித் தயாராக வேண்டும்?

கேள்வி: கோவையில் டூலா (பிரசவத் துணையாளர்) பயிற்சி முடித்து இதுவரை நான்கு பிரசவங்களுக்குத் துணையாக இருந்திருக்கிறேன். கடைசிப் பிரசவத்தில், குழந்தை பிறந்து அரை மணி நேரத்துக்குள் அந்த அம்மாவுக்கு ரத்தம் அதிகமாகப் போக ஆரம்பித்துவிட்டது. டாக்டரும் சிஸ்டர்களும் ஓடிவந்து காப்பாற்றிவிட்டார்கள். நான் மட்டும் சுவரோரம் உறைந்துபோய் நின்றேன். அடுத்து நான் துணைக்குப் போக வேண்டியவருக்கு இப்போது 33 வாரம், ஹீமோகுளோபின் 9.2. மறுபடி அப்படி நடந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? பையில் மருந்து ஏதாவது வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

மருந்து வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் உங்கள் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்தால் அதன் வீரியம் குறைந்துவிடும். அதே வேலையைச் செய்யும் மிசோபிராஸ்டால் மாத்திரை வெளியில் தாங்கும்தான். ஆனால் உள்ளே இன்னொரு குழந்தை இருப்பது தெரியாமல் கொடுத்தால் கர்ப்பப்பையே கிழியக்கூடும். மருந்து கொடுப்பது, உள்பரிசோதனை செய்வது, கொடியைப் பிடித்து இழுப்பது எதுவும் டூலாவின் வேலை இல்லை.

உறைந்து நின்றதற்காக வெட்கப்படாதீர்கள். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு (நஞ்சுக்கொடி) பிரிந்ததும் அந்த இடத்தில் வாய் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை, கர்ப்பப்பைத் தசை இறுகித்தான் அடைக்க வேண்டும். தசை தளர்ந்துபோனால் ரத்தம் நிற்காது. உதிரப்போக்கில் பத்துக்கு ஏழு இந்த வகைதான். மற்றவை கிழிசல், உள்ளே தங்கிவிட்ட நஞ்சுத் துண்டு, ரத்தம் உறையாத கோளாறு. இதை முதன்முறை பார்க்கிற யாருக்கும் கைகால் ஓடாது.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு பிரசவத்துக்குப் பிறகு கேஸ் ஷீட்டில் '300 மில்லி' என்று எழுதினேன். லேபர் வார்டில் இருபது வருடம் பார்த்த ஒரு சிஸ்டர் எதுவும் பேசாமல், நனைந்த துணிகளை எல்லாம் அள்ளி குழந்தையை எடை போடும் தராசில் வைத்தார். துணியின் எடை போக 900 கிராம். ரத்தத்தில் ஒரு கிராம் என்பது கிட்டத்தட்ட ஒரு மில்லி. அந்த அம்மா அதற்குள் "தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தாகம் என்று நினைத்தேன். அது ரத்தம் குறைந்த உடம்பு போட்ட சத்தம்.

கண்ணளவு எல்லோரையும் ஏமாற்றும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்த 'இ-மோட்டிவ்' ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. வழக்கம்போல் பார்த்த இடங்களில் அதிக உதிரப்போக்கில் பாதியைத்தான் கண்டுபிடித்தார்கள். தாய்க்கு அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து, விட்டுவிட்டுப் பரிசோதித்த இடங்களில் 90 சதவீதத்துக்கு மேல் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்த உடனே எல்லாச் சிகிச்சையையும் ஒருசேரத் தொடங்கினார்கள். கடுமையான உதிரப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 60 சதவீதம் குறைந்தது.

ஆகவே உங்கள் முதல் தயாரிப்பு சமையலறையில். பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை அரை லிட்டர் அளந்து எடுங்கள். பழைய பருத்திப் புடவையை எட்டாக மடித்து அதன் மேல் மெதுவாக ஊற்றுங்கள். மேல் மடிப்பு லேசாக நனைந்தது போலத்தான் தெரியும், அடி மடிப்பில்தான் எல்லாம் இருக்கும். அடுத்து, பிரசவத்துக்கு வைக்கும் பெரிய பேடில் 100 மில்லி ஊற்றிப் பாருங்கள், அநேகமாக முழுக்க நனைந்துவிடும். தரையில் 500 மில்லி ஊற்றினால் ஏறக்குறைய அரை மீட்டர் அகலத்துக்கு, பெரிய தாம்பாளம் அளவு பரவும். ஒரு மீட்டர் அகலத்துக்குப் பரவினால் அது ஒன்றரை லிட்டர். இதை மூன்று நாள் செய்து பாருங்கள், கண் பழகிவிடும். சுகப்பிரசவத்தில் 500 மில்லியைத் தாண்டினால் அதிக உதிரப்போக்கு. நாடித்துடிப்போ பிபியோ மாறியிருந்தால் 300 மில்லியிலேயே சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொல்லிவிட்டது.

இனி பேச்சு. "சிஸ்டர், கொஞ்சம் ரத்தம் ஜாஸ்தியா போற மாதிரி இருக்கு" என்றால், நான்கு கட்டிலைப் பார்க்கிற சிஸ்டர் "பிரசவம்னா அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "சிஸ்டர், நஞ்சு விழுந்து இருபது நிமிஷம் ஆச்சு. பத்து நிமிஷத்துல இது ரெண்டாவது பேடு, முழுசா நனைஞ்சிருக்கு. எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டியும் போச்சு. தலை சுத்துதுங்கிறாங்க. இப்பவே வந்து பாருங்க." நேரம், அளவு, தாய் சொன்னது, என்ன வேண்டும். இந்த நாலும் இருந்தால் யாரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள். வராவிட்டால் டியூட்டி டாக்டரிடம் அதையே சொல்லுங்கள். மரியாதை குறையக் கூடாது, சத்தமும் குறையக் கூடாது.

நஞ்சு பிரியும்போது குபுக்கென்று கொஞ்சம் ரத்தம் வருவது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், ஒரு மணி நேரமாக நிற்காமல் ஒழுகுவதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். எனக்கு அந்த ஒழுகல்தான் பயம். முதல் இரண்டு மணி நேரம் குழந்தைக்குப் போட்டோ எடுக்க எல்லோரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போர்வையை விலக்கி, தாயிடம் சொல்லிவிட்டு, அடியில் பாருங்கள். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவே 40 முதல் 50 சதவீதம் கூடியிருப்பதால், நிறைய இழக்கும்வரை பிபி நன்றாகவே காட்டும். அதற்கு முன்பே முகம் வெளுக்கும், நெற்றி ஜில்லென்று வியர்க்கும், நிலைகொள்ளாமல் புரளுவார், கொட்டாவி விடுவார். "எனக்கு என்னமோ பண்ணுது" என்று ஒரு தாய் சொன்னால், மானிட்டர் என்ன காட்டினாலும் தாயைத்தான் நம்ப வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை சுருங்காது, அதனால் கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்பதையும் நினைவில் வையுங்கள். சிசேரியன் என்றால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே தங்கலாம். வெளியே பேடு சுத்தமாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

சிகிச்சை தொடங்கிவிட்டால் நீங்கள் தலைமாட்டுக்குப் போய்விடுங்கள். கால்மாடு அவர்களுடையது. வயிற்றை அழுத்தித் தேய்ப்பார்கள், இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஏறும், டிரானெக்சாமிக் ஆசிட் ஊசி போடுவார்கள் (குழந்தை பிறந்து 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன்), யூரின் டியூப் வைப்பார்கள். தாய்க்கு இது ஒவ்வொன்றும் வலி, ஒவ்வொன்றும் பயம். "கர்ப்பப்பை இறுகுறதுக்காகத் தேய்க்கிறாங்க, என் கையைப் பிடிச்சுக்கோங்க" என்று காதருகே சொல்ல அந்த அறையில் உங்களைத் தவிர வேறு ஆளுக்கு நேரமிருக்காது. தாய்க்கு ஆஸ்துமா இருந்தால் அதை உரக்க ஒருமுறை சொல்லுங்கள், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் கார்போபிராஸ்ட் ஊசி அவர்களுக்கு ஆகாது. பிபி இருந்தாலும் சொல்லுங்கள், அதே வகை ஊசியான மெத்தர்ஜின் ஆகாது. கேஸ் ஷீட்டில் இருக்கும்தான், ஆனால் அந்த நேரத்தில் அது யார் கையிலோ இருக்கும்.

வெளியே போகச் சொன்னால் வாதாடாமல் போய்விடுங்கள். வெளியில் கணவரும் மாமியாரும் ஒன்றும் தெரியாமல் நிற்பார்கள். ஒருமுறை திடீரென்று ஆணுறை கேட்டதும் கணவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அதை ரப்பர் குழாயின் நுனியில் கட்டி, கர்ப்பப்பைக்குள் வைத்து, உப்புநீர் நிரப்பி உள்ளிருந்தே ரத்தக் குழாய்களை அழுத்துவது வங்கதேச மருத்துவர் சயீபா அக்தர் கண்ட எளிய முறை. இதுபோல எதற்கு என்ன என்று விளக்க உங்களால் முடியும்.

ரத்தம் ஏற்பாடு செய்வதைக் கடைசி நிமிடத்துக்கு விடாதீர்கள். ஏழாம் மாதத்திலேயே ரத்த வகையைக் கேட்டு, கொடுக்கக்கூடிய இரண்டு பேரின் போன் எண்ணை வாங்கி வையுங்கள். ரத்த வங்கி எந்த மாடி, இரவில் திறந்திருக்குமா, பிரசவம் பார்க்கும் இடத்தில் இல்லையென்றால் எங்கிருந்து வர வேண்டும் என்பதைக் கணவரை அழைத்துக்கொண்டு போய் நேரில் பார்த்துவிடுவது உத்தமம். சிறிய நர்சிங் ஹோம் என்றால், அங்கிருந்து அவர்கள் எந்தப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் சீமாங் மையங்கள் (தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்குமான அவசர சிகிச்சை மையங்கள்) 24 மணி நேரமும் இயங்குகின்றன. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கர்ப்ப காலத்துக்கு வருவோம். நம் வீடுகளில் கர்ப்பிணிக்கு ரத்தம் பட்டால் "உடம்பு சூடு" என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்து ஒரு ராத்திரியைக் கடத்திவிடுவார்கள். எந்த மாதமாக இருந்தாலும் ரத்தம் பட்டால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் ஒரு பக்க வயிற்று வலி, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி இருந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். அப்போது ரத்தம் வெளியே துளிகூட வராமலும் இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பின் மாதங்களில் வலியே இல்லாமல் சிவப்பாகப் போனால் நஞ்சு கீழே இருக்கலாம். உள்பரிசோதனை கூடாது என்பதால், "ஸ்கேன்ல நஞ்சு கீழே இருக்குன்னு சொன்னாங்க" என்பதை மருத்துவமனை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். வயிறு கல் மாதிரி இறுகி, இடைவிடாமல் வலித்தால், ரத்தம் கொஞ்சமாக வந்தாலும் நஞ்சு முன்கூட்டியே பிரிந்திருக்கலாம். வலி தொடங்கும்போது வரும் ரத்தச் சாயல் கலந்த கொழகொழப்பான சளி வேறு, அது இயல்பானது. பேடை நனைக்கிற ரத்தம் அந்தக் கணக்கில் வராது. ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு கீழே என்று சொன்ன பெரும்பாலானவர்களுக்கு 32 வாரத்துக்குள் மேலே ஏறிவிடும், அதனால் மறு ஸ்கேன் தேதியை மட்டும் தவறவிடாமல் பாருங்கள். தாய் நெகட்டிவ் வகை என்றால், ரத்தம் பட்ட 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேட்க நினைவூட்டுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகித் தாய் வீட்டுக்குப் போன பிறகும் ஆபத்து முடிவதில்லை. "கெட்ட ரத்தம், போகட்டும்" என்கிற பேச்சைத்தான் நான் அதிகம் சண்டை போட்டு எதிர்த்திருக்கிறேன். தீட்டு என்று தனி அறையில் இருக்கிற பெண்ணின் பேடை யாரும் பார்ப்பதில்லை. அடுத்தடுத்து மணிக்கு ஒரு பேடு நனைந்தாலும், எலுமிச்சம்பழத்தை விடப் பெரிய கட்டி போனாலும், வெளிர்ந்துகொண்டிருந்த ரத்தம் பத்தாம் நாள் மறுபடி சிவப்பானாலும், நாற்றமோ காய்ச்சலோ இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாட்டியைத் தனியாக உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள். முடிவெடுப்பது அவர்தான்.

வீட்டில் அப்படி நடந்து, பக்கத்தில் மருத்துவர் இல்லையென்றால்: 108. அழைக்கும்போதே தாயை மல்லாக்கப் படுக்கவைத்து காலுக்குத் தலையணை வையுங்கள் (கர்ப்பிணி என்றால் இடது பக்கமாக ஒருக்களித்து). போர்வை போர்த்துங்கள். உள்ளே எதையும் திணிக்காதீர்கள். அறுவை தேவைப்படலாம் என்பதால் காப்பி, கஞ்சி எதுவும் வேண்டாம். இப்போதுதான் பிறந்த குழந்தை என்றால் மார்பில் போட்டுப் பால் குடிக்கவிடுங்கள், கர்ப்பப்பை சுருங்க அது உதவும். வயிற்றைத் தேய்ப்பது பற்றி 108இல் பேசுகிறவர் சொன்னால், சொன்னபடி செய்யுங்கள். நனைந்த பேடுகளைத் தூக்கி எறியாமல் கவரில் போட்டுக் கூடவே எடுத்துப் போங்கள்.

உங்கள் பை: கையுறை நாலு ஜோடி, பெரிய பேடு, சின்ன நோட்டும் பேனாவும், சார்ஜ் போட்ட பவர் பேங்க், தாயின் அட்டையின் ஜெராக்ஸ். கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள், நேரத்துக்காகப் போனை எடுத்தால் வாட்ஸ்அப்புக்குள் போய்விடுவீர்கள்.

கடைசியாக, நீங்கள் துணைக்குப் போகிறவரின் ஹீமோகுளோபின் 9.2. நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த எண்தான். நல்ல ரத்தம் உள்ள பெண் 500 மில்லியைத் தாங்கிவிடுவாள். சோகை உள்ளவள் அதற்குக் குறைவான இழப்பிலேயே சரிந்துவிடுவாள். 33 வாரம் என்பது நல்ல செய்தி, இன்னும் நேரம் இருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறாரா, குமட்டலால் தலையணைக்கடியில் போகிறதா என்று சிநேகமாக விசாரியுங்கள். டீ, காப்பியோடு சேர்த்துப் போடுகிறாரா என்றும், கால்சியம் மாத்திரையும் அதே வேளையில் போகிறதா என்றும் பாருங்கள், இரண்டும் இரும்பைச் சேரவிடாது. ரத்த நாளத்தில் ஏற்றும் இரும்பு ஊசி தேவையா என்று டாக்டரிடம் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனைக்கு முடிந்தால் நீங்களும் கூடவே போங்கள், கேட்க மறந்துவிடுவார்கள்.