கேஸ் லைன் போட்டுக் கொடுத்த ஏஜென்சி கைகழுவ முடியுமா?

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் சின்னதாக மெஸ் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரும் மனைவியும்தான் சமையல், உதவிக்கு இரண்டு பேர். ஏஜென்சி அனுப்பிய மெக்கானிக், மாடிப்படிக்கு அடியில் கதவு போட்டு அடைத்த மூலையில் மூன்று 19 கிலோ சிலிண்டரை நிறுத்தி, அங்கிருந்து அடுப்புக்கு லைன் இழுத்துக் கொடுத்திருக்கிறார். பணம் கையில் வாங்கிக்கொண்டார், பில் இல்லை. வாடை வருகிறது என்று இரண்டு தடவை போன் செய்து சொன்னதற்கு, புது லைன், போகப்போகச் சரியாகிவிடும் என்றிருக்கிறார்கள். போன மாதம் விடிகாலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது தீப்பிடித்து, உதவியாளருக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. சிலிண்டரை இறக்கியதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்கிறார்களாம் ஏஜென்சியில். இது சரியா என்பது கேள்வி.

சரியில்லை. சிலிண்டரை மட்டும் விற்றிருந்தால்கூட ஏதோ பேசலாம், இங்கே இடத்தைப் பார்த்து, லைனைப் பொருத்தி, அப்புறம் மாதாமாதம் அதே மூலைக்குள் தூக்கிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வந்ததும் அவர்கள் ஆள்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 86-வது பிரிவை எடுத்துப் பாருங்கள்: பொருளைப் பொருத்துவதிலோ சோதிப்பதிலோ பராமரிப்பதிலோ நியாயமான கவனம் காட்டாத விற்பனையாளர், அதனால் வந்த பாதிப்புக்குப் பொறுப்பு. ஆபத்து பற்றிய எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டாலும் பொறுப்புதான். லைன் போட்டது ஒரு சேவை என்பதால், சேவை தருபவரின் பொறுப்பைச் சொல்லும் 85-வது பிரிவும் பொருந்தும்.

அந்த மூலை ஏன் தப்பு என்பதை நீங்களே புரிந்துகொண்டால்தான் வழக்கில் தைரியமாகப் பேச முடியும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். மாடிப்படிக்குக் கீழே, கதவடைத்த இடத்தில், தரைமட்டத்தில் காற்றுப்போக்கு இல்லாமல் சிலிண்டர் வைத்தால் ராத்திரி முழுக்கச் சேர்ந்தது காலையில் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதிலும் ஏற்காட்டுக் குளிரில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத்தானே படுக்கிறோம். வணிக இடங்களில் சிலிண்டர் எப்படி வைக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 6044 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. தொழில் தெரிந்த மெக்கானிக் அது தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

பில் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஒவ்வொரு தடவை சிலிண்டர் இறக்கும்போதும் ஒரு ரசீது வந்திருக்கும் இல்லையா, அதையெல்லாம் தேடி எடுங்கள். லைன் போட்ட பிறகு பத்து ரசீது இருக்கிறது என்றால், பத்து தடவை அவர்கள் ஆள் அந்த மூலையைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பியிருக்கிறார் என்று அர்த்தம். நான் வழக்கு நடத்தும்போது முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான். வாடை வருகிறது என்று நீங்கள் போன் செய்த இரண்டு தேதியும் மொபைலில் இருக்கும், உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கருகிப்போன பிக்டெயிலை, அதாவது சிலிண்டரிலிருந்து பைப்புக்குப் போகும் அந்தக் குட்டை டியூபை, தயவுசெய்து யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். 'மாற்றித் தருகிறோம், பழையதைக் கொடுங்கள்' என்று வருவார்கள். வால்வுக்குள் உட்காரும் சின்ன ரப்பர் வளையம் நைந்திருந்ததா, டியூபின் மேல் இருக்கும் தேதி தாண்டியதா, கிளிப் சரியாக இறுகியிருந்ததா என்பதையெல்லாம் அந்த ஒரு துண்டுதான் சொல்லும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் 'சி-27' மாதிரி ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும், 2027 ஜூலை முதல் செப்டம்பருக்குள் மறுசோதனை என்று பொருள். அதையும் போட்டோ எடுங்கள். போலீஸ் பார்வையில் மகஜர், அதாவது எதை எங்கே எடுத்தார்கள் என்று சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு, போட்டு ஒப்படைத்தால் இன்னும் நல்லது. தீயணைப்புத் துறை அறிக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பக்கம். எதிர்த்தரப்பு வக்கீல் அதே சட்டத்தின் 87-வது பிரிவைத்தான் பிடிப்பார்: வாங்கியவர் பொருளை மாற்றியிருந்தாலோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ விற்றவர் பொறுப்பில்லை. ஆகவே மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், நடுவில் தெரிந்த பையனைக் கூப்பிட்டு டியூப் மாற்றினீர்களா? 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை அவசரத்துக்கு மாட்டினீர்களா? அது 2000-ஆம் ஆண்டு எல்பிஜி கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம், வழக்கும் அங்கேயே பலவீனமாகும். மார்கழிக் குளிரில் கேஸ் குறைவாக வருகிறது என்று சிலிண்டரை வெந்நீர் அண்டாவில் வைக்கிற பழக்கம் மலையில் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை விடுங்கள். இன்னொன்று, 100 கிலோவுக்கு மேல் கேஸ் இருப்பு வைத்தால் வெடிபொருள் துறை உரிமம் வேண்டும், ஆறாவது 19 கிலோ சிலிண்டர் உள்ளே வந்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். உங்களுக்கு மூன்றுதான், பிரச்சினை இல்லை.

நீங்கள் கடைக்காரர், நுகர்வோர் இல்லை என்றும் சொல்வார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துகிறவரைச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. கணவன் மனைவி அடுப்படியில் நிற்கும் மெஸ்ஸுக்கு அது பொருந்தும். மேனேஜர் வைத்து நடத்தும் பெரிய லாட்ஜாக இருந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான், அங்கே நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் போட்டுவிடுங்கள். கடை மூடியிருந்த நாட்களின் வியாபார நஷ்டம், பொருளால் வந்த பாதிப்புக்குக் கேட்கும் 'பொருள் பொறுப்பு' கோரிக்கையில் வராது, சேவைக் குறைபாடு என்று தனியாகக் கேட்க வேண்டும். இதைச் சேர்க்காமல் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆயில் கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். டீலர் தனி வியாபாரி, அவர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று 1993 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுவார்கள். காட்டட்டும். அந்த வாதம் நின்றாலும், கம்பெனிகள் எடுத்து வைத்திருக்கும் பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸில் மருத்துவச் செலவுக்கு ஆளுக்கு 2 லட்சம் வரையும், பதிவான முகவரியில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரையும் கேட்க வழி இருக்கிறது. அதற்கு விபத்தை ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவர்கள்தான் மேலே அனுப்புவார்கள். இன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

கை வெந்தவர் உங்கள் வேலையாள். அவருக்கு முதலில் இழப்பீடு தர வேண்டியது நீங்கள், ஏஜென்சி வழக்கு முடியட்டும் என்று அவரைக் காக்க வைக்காதீர்கள். அவர் சேலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வண்டிச் செலவு உட்பட எல்லாவற்றுக்கும் சீட்டு வாங்கி வையுங்கள், கொடுத்த பணத்தை ஏஜென்சியிடம் கோர அது உதவும். கவனக்குறைவால் நெருப்பைக் கையாண்டு காயம் ஏற்படுத்தியதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 125, 287 பிரிவுகளில் மெக்கானிக் மீது புகார் கொடுக்கலாம், அந்தப் புகாரை உதவியாளரே கொடுப்பது நல்லது.

கடையைத் திறக்கும் முன் சிலிண்டர்களை வெளிச்சுவர் ஓரம், கீழே காற்றுப் போகும் கம்பிக் கூண்டுக்கு மாற்றி, சோதித்த சான்றை ஏஜென்சி லெட்டர்பேடில் கையெழுத்தோடு வாங்குங்கள். மறுபடியும் வாடை வந்தால் ஏஜென்சி எண்ணைத் தேட வேண்டாம், ரெகுலேட்டரை மூடி, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அடியுங்கள்.