கிறவல் வீதியும் உங்கள் சொக்கும்: வன்னி வாசகர்களின் கேள்விகள்

ஒட்டுசுட்டானிலிருந்து: 150 சிசி மோட்டார் சைக்கிள். கிறவல் றோட்டில 40க்கு மேல போனால் ஹாண்டில் கையில நிக்குதில்லை. பின் சொக்கை இரண்டு படி இறுக்கினன், இன்னும் மோசமாப் போச்சு. ஏன்?

இறுக்கியதால்தான் மோசமானது. சொக்கில் (அதிர்வைத் தாங்கும் ஸ்பிறிங்கும் ஒயில் குழாயும்) இருக்கும் படிவளையத்தைத் திருப்பும்போது ஸ்பிறிங் பலமாவதில்லை. பாரம் ஏறமுதலே கொஞ்சம் அமுங்கி நிற்கிறது, அதனால் வண்டியின் பின்பக்கம் உயர்கிறது, அவ்வளவுதான். தனியாக ஓடுபவர் அப்படி உயர்த்தினால், பள்ளம் வரும்போது சில்லு கீழே இறங்கி மண்ணைப் பிடிக்க இடம் மிஞ்சாது. மழை விட்டு வீதி காய்ந்தபின் கிறவலில் வரிவரியாக அலை விழுமே, அதில் ஒவ்வொரு வரிக்கும் பின்சில்லு ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். பின்பக்கம் உயர்ந்தால் முன் போர்க்கின் (முன்சில்லைத் தாங்கும் இரட்டைக் குழாய்) சாய்வும் குறையும். ஹாண்டில் இலேசாகி அலைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். நடு ஸ்ராண்டில் விட்டுப் பின்சில்லு தொங்கும்போது, அச்சின் நடுவிலிருந்து நேர்மேலே சீற்றுக்குக் கீழுள்ள ஒரு புள்ளிவரை அளவுநாடா பிடியுங்கள். 520 மில்லிமீற்றர் என்று வையுங்கள். பிறகு ஸ்ராண்டை எடுத்து, ஒருவர் ஹாண்டிலைப் பிடிக்க, நீங்கள் ஏறி இரண்டுதரம் அமுக்கிவிட்டுக் கால் இரண்டையும் தூக்கி இருங்கள். மற்றவர் அதே இடத்தை அளக்கட்டும். 490 வந்தால் அமுக்கம் 30. பின்சில்லுக்கு 100 மில்லிமீற்றர் ஓட்டம் உள்ள வண்டிக்கு 25 முதல் 33 வரை நல்லது. 20க்குக் கீழே என்றால் ஒரு படி தளர்த்துங்கள். 40ஐத் தாண்டினால் ஒரு படி இறுக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கவேண்டும். ஒரு பக்கம் இரண்டாவது, மறுபக்கம் மூன்றாவது என்று ஓடும் வண்டிகள் ஏராளம். அவற்றில் சுவிங் ஆம் (பின்சில்லைத் தாங்கும் கை) முறுகி, அதன் மூட்டிலுள்ள புஷ் வளையம் ஒருபக்கமாகத் தேயும்.

இதற்கெல்லாம் முதல் ரயர் காற்று. இந்த வகை வண்டிகளுக்குத் தனியாக ஓடும்போது முன்னுக்கு 25, பின்னுக்கு 28 பிஎஸ்ஐ வழக்கம். உங்கள் வண்டிக்குரிய அளவு ஸ்ரிக்கரிலோ கைநூலிலோ இருக்கும். காலையில், ஓட்டமுதல், ரயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். 40 அடித்த ரயரை வைத்துக்கொண்டு சொக்கைத் திருத்த முடியாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஹாண்டில் அலைந்தால் கோன் செற்றை (ஹாண்டில் தண்டு சுழலும் குண்டுப் பெயரிங்) பாருங்கள். முன்சில்லைத் தூக்கி, போர்க்கின் அடியைப் பிடித்து முன்பின்னாக இழுங்கள். "டக்" என்றால் தளர்வு. ஹாண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேர்ப்பாட்டில் வந்து பள்ளத்தில் விழுந்ததுபோல் மாட்டினால், குண்டு ஓடும் பாதை குழிந்துவிட்டது. இறுக்கிப் பயனில்லை, செற்றாக மாற்றவேண்டும்.

முத்தையன்கட்டிலிருந்து: காலபோகத்தில கரியரில பசளை மூடை ஏத்துறனான். முன்பக்கம் மிதக்கிற மாதிரி. சொக்கைக் கடைசிப் படியில வைக்கலாமோ?

ஒரு மூடைக்கு வைக்கலாம், இறக்கியதும் பழைய படிக்குக் கொண்டுவந்தால். பின் ரயருக்கு 32 அடியுங்கள். ஆனால் மிதப்புக்கு முதற் காரணம் மூடை இருக்கும் இடம். பின் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்த பாரம் தராசுத் தட்டைப்போல முன்சில்லைத் தூக்கும். மூடையை நீளவாட்டில் போடாமல் குறுக்காக, சீற்றோடு ஒட்டி, அச்சுக்கு மேலேயோ முன்னாலேயோ கட்டுங்கள்.

100 முதல் 150 சிசி வண்டிகள் பல, ஓட்டுபவரோடு சேர்த்து ஏறத்தாழ 130 கிலோ பாரத்துக்குத்தான் செய்யப்பட்டவை. 65 கிலோ ஆளும் 50 கிலோ மூடையும் 115. இரண்டாவது மூடைக்கு இடமில்லை. அதற்கு எந்தப் படியும் ஈடு செய்யாது. முதலில் சொக்கின் அடி றப்பர் நசியும், பிறகு உள்தண்டு வளையும். பாரத்தோடு செயின் தளர்வையும் ஒருமுறை பாருங்கள். அச்சு, சுவிங் ஆம் போல்ட், முன்பல்லு (எஞ்சின் பக்கப் பற்சில்லு) மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும்போதுதான் செயின் மிக இறுகும். வெறும் வண்டியில் இறுக்கமாக வைத்தால் பாரத்தில் பெயரிங்கைத் தின்றுவிடும்.

முல்லைத்தீவிலிருந்து: முன் போர்க்கில ஒயில் கசியுது. இரண்டுதரம் சீல் மாத்தியாச்சு, மூண்டு மாதத்தில திரும்பக் கசியுது.

சீலில் பிழையில்லை, அது உரசும் குழாயில் பிழை. கடலோர உப்புக்காற்றில் குரோம் பூச்சில் குண்டூசி முனையளவு துரு விழும். விரல் நகத்தைக் குழாயில் மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். நகம் தடக்கும் இடம் சீல் ஓடும் பகுதிக்குள் இருந்தால், அது ஒவ்வொரு தடவையும் சீலின் உதட்டை அரம்போல் அராவும். மெல்லிய துருவை 2000 நம்பர் தாளில் ஒயில் தொட்டு, குழாயைச் சுற்றி (மேலும் கீழுமாக அல்ல) தேய்த்து எடுக்கலாம். குழி ஆழம் என்றால் குழாயை மாற்றாமல் சீல் வாங்குவது வீண்செலவு.

குழாய் சுத்தமாக இருந்தால் சீல் வாங்கமுதல் இதைச் செய்து பாருங்கள். மேலிருக்கும் தூசி றப்பரை உயர்த்திவிட்டு, சோடாப் போத்தல் பிளாஸ்ரிக்கில் விரலகலத் துண்டு வெட்டி, நுனியில் சிறு கொக்கி விட்டு, சீலுக்கும் குழாய்க்கும் இடையில் செருகி ஒரு சுற்றுச் சுற்றி இழுங்கள். கறுத்த மண் வரும். புழுதியால் வந்த கசிவுகள் பல இதோடு நின்றுவிடும்.

கழற்றத்தான் வேண்டுமென்றால், மேல் மூடியைப் போர்க் வண்டியில் இருக்கும்போதே இளக்குங்கள். கடைசிப் புரியில் ஸ்பிறிங் அதை எறியும், முகத்தை விலக்குங்கள். இரண்டு காலுக்கும் ஒரே அளவு போர்க் ஒயில். இந்த வண்டிகளில் காலொன்றுக்கு 150 முதல் 200 மில்லி வரை, சரியான அளவும் தரமும் கைநூலில். எஞ்சின் ஒயில் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயில் தடிப்பு; அமுங்கிய போர்க் அடுத்த வரிக்குள் நிமிராமல் போய், படிப்படியாகத் தாழ்ந்து கல்லுப்போல் அடிக்கும். கூடுதலாக ஊற்றினாலும் உள்ளே காற்று நசிந்து அமுக்கம் ஏறி, புதுச் சீலைத் தள்ளும். பூட்டும்போது முன் அச்சைக் கையால் மட்டும் இறுக்கி, பிறேக்கைப் பிடித்துப் போர்க்கைப் பத்துத்தரம் அமுக்கி, இரு காலும் சமமாக நின்றபின் முழுதாக இறுக்குங்கள். டிஸ்கில் ஒயில் பட்டிருந்தால் பிறேக் பாட்டை மாற்றியே ஆகவேண்டும்.

மல்லாவியிலிருந்து, ஓர் ஆசிரியை: பழைய டியோவில பள்ளிக்கூடம் போறனான். பள்ளத்தில முன்னுக்கு "டக் டக்" எண்டு சத்தம்.

அந்த மொடலில் முன்சில்லு சிறு கைபோன்ற ஒரு லிங்கில் தொங்குகிறது. அந்த மூட்டின் புஷ் வெள்ளமும் புழுதியும் ஏறித் தேய்வதுதான் பெரும்பாலும் சத்தம். முன்சில்லைத் தூக்கி ஒருவர் ஆட்ட, மற்றவர் மூட்டில் விரல் வைத்தால் அசைவு தெரியும். இரு பக்கப் புஷ்ஷையும் சேர்த்து மாற்றி, கிறீஸ் வைக்கச் சொல்லுங்கள். காற்று தனியாகப் போக முன்னுக்கு 22, பின்னுக்கு 29. பத்து அங்குலச் சில்லு பெரிய சில்லைவிடப் பள்ளத்துக்குள் ஆழமாக விழும், ஆகவே வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பரந்தனிலிருந்து: காஸ் போத்தலோட வாற பின்பக்கச் சொக் ஒயில் விட்டுட்டுது. ஓட்டை போட்டு ஒயில் நிரப்பித் தரலாம் எண்டு சொல்லினம்.

அப்படிச் செய்ய விடாதீர்கள். உள்ளே அமுக்கத்தில் நைதரசன் இருக்கிறது. துளையிடுவதும் சூடாக்குவதும் ஆபத்து. வாயு இல்லாமல் மூடினால் ஒயில் நுரைத்து, ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பிடிமானம் போய்விடும். பின்சீற்றைப் பலமாக அமுக்கி விடுங்கள். ஒருதரம் எழும்பி அடங்கினால் சொக் உயிரோடிருக்கிறது. இரண்டு மூன்று தரம் துள்ளினால் இரண்டையும் சோடியாக மாற்றுங்கள்.